பாம்படமும் பாதிச் சம்பளமும்

பாளையங்கோட்டையிலிருந்து தச்சநல்லூர் போகும் மாட்டு வண்டியில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். வயதில் சிறியவளின் வெறும் காதுகள் தோள் வரை தொங்கின.

“நீங்க சொன்னியளேன்னு பாம்படத்தைக் கழத்தி வச்சிட்டுல்லா மதினி பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெள்ளைக்கார மிசியம்மா என் காதைப் பாத்ததும், தங்கம் எங்கன்னு கேட்டுட்டாக.”

மதினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “நீ என்ன சொன்ன?”

“வீட்டுல இருக்குன்னேன். தங்கம் வச்சிருக்கவளுக்குப் பிள்ளைக்குக் கட்டுற பள்ளிக்கூடச் சம்பளத்துல பாதி குறைக்க முடியாதுன்னாக. குடிசைப் பிள்ளையளுக்குச் சம்பளமே கிடையாது, அது நியாயந்தான். பண்ணையார் வீட்டுக்கு முழுச் சம்பளமும் ஒரு பொருட்டில்ல. தாலுகா கச்சேரிக் குமாஸ்தா பொண்டாட்டி நான் எங்கன போவேன்?”

“பாம்படத்தை வித்துப் படிக்க வைன்னு சொல்லிருப்பாகளே.”

“சொன்னாக. விக்கத்தான் போறேன்னேன். ஆனா எனக்குப் பொம்பளைப் பிள்ளை ரெண்டு. முழுச் சம்பளம்னா ஒருத்திக்குத்தான் காணும். பாதின்னா இந்தக் காது மூத்தவளுக்கு, இந்தக் காது இளையவளுக்கு.”

“அதுக்கு என்ன சொன்னாக?”

“திங்கக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரச் சொன்னாக. பாம்படத்தைப் போட்டுக்கிட்டே வரலாமாம்.”