பதில் சலாம்

கெரமத்: இப்பல்லாம் கபுருக்கு முன்னாடி துஆ கேக்கக் கை தூக்கறதில்ல, போனைத்தான் தூக்கறாங்க. நீயும் அதுக்குத்தானே வந்தே?

ரெஹ்னுமா: இல்ல சாச்சா, டாக்கா பேப்பர்லேருந்து வர்றேன். ஒரு செய்தி விஷயமா...

கெரமத்: கபுருக் குழி தோண்டறவன்கிட்ட என்ன செய்தி?

ரெஹ்னுமா: தற்கொலை பண்ணிக்கிட்ட மௌசுமி... அவ கபுரைத் தேடிப் பொண்ணுங்க வர்றாங்களாமே?

கெரமத்: வராம? எப்படிச் செத்தாங்கறதைச் சமையல் குறிப்பு மாதிரி போட்டீங்க. கபுரு மேல பூவோட படம் வேற. ‘நிம்மதியாகத் தூங்குகிறாள்’னு தலைப்பு. கபுருக்குள்ள யாரு எட்டிப் பாத்தது?

ரெஹ்னுமா: நீங்க படிச்சீங்களா?

கெரமத்: எனக்கு எழுத்து ஏது? படிச்சுக் காட்டினாங்க.

ரெஹ்னுமா: யாரு?

கெரமத்: டீ ஆறுது, குடி.

ரெஹ்னுமா: இந்தத் தடவை அப்படி இல்ல சாச்சா. எப்படி, எங்கேன்னு எதுவும் வராது. சாகப் போய் மனசு மாறித் திரும்பி வந்தவங்க, உதவிக்கு யார்கிட்டப் பேசலாம்...

கெரமத்: போன தடவை எழுதினவனும் இப்படித்தான் பவ்யமாப் பேசியிருப்பான்.

ரெஹ்னுமா: எழுதினது நான்தான்.

கெரமத்: தெரியும். வழி கேக்காம நேரா அந்தக் கபுருக்குப் போனியே.

ரெஹ்னுமா: அது பக்கத்துல... மண்ணு அமுங்கிக் கெடக்கு. ஆள் படுத்த மாதிரி.

கெரமத்: ஒருத்தி. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு பனி இறங்கறப்போ வருவா. கபுருக்கு சலாம் சொல்லுவா. எல்லாரும் சொல்றதுதான், சொல்லிட்டுப் போயிருவாங்க. இவ காத்துக்கிட்டு நிப்பா.

ரெஹ்னுமா: எதுக்கு?

கெரமத்: பதில் சலாமுக்கு.

ரெஹ்னுமா: யா அல்லா...

கெரமத்: நேத்து சிரிச்சுக்கிட்டே பக்கத்துல படுத்துட்டா. "பதில் வந்துருச்சு. மௌசுமி நிம்மதியா இருக்காளாம். இன்னும் இடமிருக்காம்"ங்கறா.

ரெஹ்னுமா: நீங்க...?

கெரமத்: கையைப் பிடிச்சுத் தூக்கினேன். கை ஈரமண்ணாட்டம் சில்லுனு இருந்துச்சு.

ரெஹ்னுமா: அவளைத் தனியா விடக்கூடாது சாச்சா. எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க, நானே கூட்டிட்டு வர்றேன். பேர் போடமாட்டேன், சத்தியமா.

கெரமத்: உன் சத்தியத்தை நீயே வச்சுக்க. நான் கிளம்பறேன்.

ரெஹ்னுமா: நில்லுங்க! அவ எங்கே இருக்கான்னாவது சொல்லிட்டுப் போங்க...

கெரமத்: என் வீட்டுல. பக்கத்து வீட்டுக்காரி காவலுக்கு இருக்கா. டாக்டரம்மாவை அனுப்பு, நீ வராதே. ‘நிம்மதியா’ங்கற அந்த வரியை எழுதினவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கணுமாம்... உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கா, என் பேத்தி.