கம்ப்யூட்டரை எழுப்பினது யாரு?

— தூங்க வெச்சுட்டு இந்தப் பக்கம் திரும்பினா போதும் மாப்பிள்ளை, பேய் புடிச்ச மாதிரி திரை பளிச்சுன்னு எரியுது.

— பேயெல்லாம் இல்லை அத்தை. ஏதாவது செட்டிங் மாறியிருக்கும். நீங்க கட்டில்ல சாய்ஞ்சு உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்.

— போன்ல சொன்னப்போ, 'பிளக்கைப் பிடுங்கி விட்டுடுங்க அத்தை'ன்னீங்க. பிளக்கைப் பிடுங்கறதுக்கு எனக்கு எதுக்கு மாப்பிள்ளை?

— வேலை அப்படி அத்தை... இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சது.

— அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே.

— அவளா... அவளுக்கு ஆபீஸ்ல ஆடிட் நடக்குது. தலை நிமிர நேரமில்லை. உங்களை ரொம்பக் கேட்டதாச் சொல்லச் சொன்னா.

— சொன்னாளா?

— கிளம்பறப்போ கூடச் சொன்னாளே.

— கிளம்பறப்போ...

— ஆமா. சரி, இதைப் பார்ப்போம். எந்த நேரத்துல முழிக்குது?

— அதுக்கு நேரம் காலமெல்லாம் கிடையாது. புரூஃப் பார்த்து முடிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டி வெப்பேன், எரியும். அடுப்படிக்குப் போய்ட்டுத் திரும்புவேன், எரியும். உங்க சட்டைப் பொத்தான் மாறிப் போயிருக்கு மாப்பிள்ளை.

— அட, ஆமா... அவசரத்துல கவனிக்கலை.

— முகமும் வாடியிருக்கு. அவ சமைக்கறாளா, இல்லையா?

— சமைக்காம என்ன... டைமர் எதுவும் வெச்ச மாதிரி தெரியலை. நெட் கேபிளைக் கழட்டிடறேன், சில சமயம் அது வழியா வர்ற சிக்னல்கூட எழுப்பி விட்டுடும். இப்போ தூங்க வெக்கறேன். பாருங்க... அணைஞ்சுதா?

— அணைஞ்சுது.

— அவ்வளவுதான் அத்தை! சின்ன விஷயம். இதுக்குப் போய் நீங்க...

— எரியுது மாப்பிள்ளை.

— அட!

— நான் சொன்னா யாரு நம்பறீங்க?

— இருங்க, இருங்க. இதுக்கு ஒரு வழி இருக்கு. கடைசியா உன்னை எழுப்பினது யாருன்னு இதுகிட்டயே கேட்கலாம்.

— கேட்டா சொல்லுமா?

— சொல்லும். மனுஷங்க மாதிரி பொய் பேசத் தெரியாது இதுக்கு.

— அது சரி.

— ...மவுஸ்தான் எழுப்பினதுங்குது. நான் தொடவே இல்லையே! மேஜை ஆடுதோ? அவ படிக்கிற காலத்து மேஜைதானே இது?

— ஆட்டித்தான் பாருங்களேன். கல்லு மாதிரி நிக்கும்.

— ஆடலை... சரி, மவுஸையே கழட்டிட்டா? இந்தாங்க, வயரைப் பிடுங்கியாச்சு. கீபோர்டையும் பிடுங்கியாச்சு. பட்டனை அமுக்கித் தூங்க வெக்கறேன். இனிமே இதை எழுப்ப யாரு இருக்கா, பார்ப்போம்.

— ம்ம்.

— பார்த்தீங்களா? நிம்மதியாத் தூங்குது. என்னமோ பயந்தீங்க... ஐயோ!

— என்ன மாப்பிள்ளை, நாற்காலியோட விழப் பார்த்தீங்க!

— அம்புக்குறி நகருது அத்தை! மவுஸ் என் கையில இருக்கு, வயர் தொங்குது, அது பாட்டுக்கு நகருது! அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடிக்கு... பாருங்க, பாருங்க!

— பேயெல்லாம் இல்லைன்னீங்க?

— விளையாடாதீங்க அத்தை. இருங்க, குனிஞ்சு பின்பக்கம் பார்க்கறேன்... ஒரே ஒட்டடை... இதென்ன, நகத்தளவுக்கு ஏதோ சொருகியிருக்கு? அடச்சே! வயர் இல்லாத மவுஸோட ரிசீவர்! நான் வாங்கிக் கொடுத்தேனே, சாம்பல் கலர்ல?

— கைக்கு அடங்கலைன்னு அன்னிக்கே ஓரமா வெச்சுட்டேன்.

— அந்த மவுஸ் இப்போ எங்கே?

— வீட்டுக்குள்ளேதான் இருக்கும்.

— வீட்டுக்குள்ளே எங்கே அத்தை? அது தானா ஆடாது. யாரோ கையில வெச்சு ஆட்டறாங்க! பக்கத்து ரூம்லேருந்து ஆட்டினாக்கூட இங்கே...

— என்ன, பாதியில நிறுத்திட்டீங்க?

— அந்த ரூம் கதவு ஏன் மூடியிருக்கு?

— அது அவ ரூம். அவ வந்தாத்தான் திறப்பேன்.

— அப்படின்னா... அவ உள்ளே இருக்காளா?

— யாரு? ஆபீஸ்ல தலை நிமிர நேரமில்லைன்னீங்களே, அவளா?

— அத்தை...

— காலம் பூரா அச்சகத்துல பிழை பார்த்தவ நான். கிளம்பறப்போ சொன்னாள்னு நீங்க சேர்த்துச் சொன்னப்பவே மனசுக்குள்ள சிவப்புப் பேனாவை எடுத்துட்டேன். சொல்லுங்க, என்ன நடந்தது?

— உள்ளே இருக்கறவகிட்ட நானே பேசிக்கறேன். நகருங்க.

— கதவுகிட்ட போகாதீங்க! உட்காருங்க. எதுவா இருந்தாலும் இங்கேருந்தே பேசுங்க. உங்க வாயால வரணும்.

— ...என்னத்தைச் சொல்ல? அவ வீட்டை விட்டு வந்து ஒரு மாசம் ஆகப்போகுது.

— ஒரு மாசமா!

— என்னமோ இப்பத்தான் கேள்விப்படற மாதிரி கேட்கறீங்க.

— ஒரு மாசமா... நான் போன் பண்ணினப்போல்லாம் குளிக்கறா, தூங்கறா, போனை வெச்சுட்டுப் போய்ட்டாள்னு நீங்க...

— எல்லாம் பொய்தான். வேற என்ன சொல்லுவேன்? நீங்களும் தெரியாத மாதிரியே விசாரிச்சீங்க, நானும் தெரியாத மாதிரியே பதில் சொன்னேன். மாமியாரும் மாப்பிள்ளையும் நல்லாத்தான் நடிச்சோம்.

— அவளை என்ன சொன்னீங்க? அவ சட்டுனு கோவிச்சுக்கறவ இல்லையே.

— ஃப்ரெண்ட்ஸ் சாப்பிட வந்திருந்தாங்க. அவ வேலையைப் பத்திப் பேச்சு வந்தது. 'அது சும்மா பொழுது போறதுக்குப் போற வேலை'ன்னேன். 'இவ போகாட்டா அந்த ஆபீஸ்ல ஒரு நாற்காலிதான் மிச்சம்'னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

— அடப்பாவி! ...மன்னிச்சுக்குங்க, வாய்ல வந்துடுச்சு.

— இல்லை, சரியாத்தான் சொன்னீங்க.

— அவ... அவளும் சிரிச்சாளா?

— தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா. டம்ளர் நிறைஞ்சு மேஜையெல்லாம் வழியுது, அவ பாட்டுக்கு ஊத்திக்கிட்டே நின்னா. காலையில எழுந்து பார்த்தா ஆளைக் காணோம். போன் ஸ்விட்ச் ஆஃப்.

— ஸ்விட்ச் ஆஃப்னா நீங்க என்ன பண்ணினீங்க? தேடலையா?

— தேடறதுக்கு என்ன இருக்கு அத்தை? உங்களை விட்டா எங்கே போவா? இருந்தாலும் ஆபீஸ்ல விசாரிச்சேன். அம்மாவுக்கு ரொம்ப முடியலை, கூட இருந்து பார்த்துக்கணும்னு நீண்ட லீவு சொல்லிட்டுப் போயிருக்கா. அதைக் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

— எனக்கு... முடியலைன்னா சொன்னா?

— கோபத்துல ஏதோ ஒரு காரணம் சொல்லியிருக்கா. அதுக்குப் போய் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

— ஆபீஸுக்கும் போகலையா அவ?

— இதென்ன கேள்வி? போனா உங்களுக்குத் தெரியாதா? கொஞ்ச நாள் போகட்டும், மனசு ஆறட்டும்னு விட்டேன். அப்புறம்... நானா வந்து கூப்பிட வீம்பு விடலை. கம்ப்யூட்டர் தூங்க மாட்டேங்குதுன்னு நீங்க கூப்பிட்டீங்க பாருங்க, அப்பவே புரிஞ்சுபோச்சு. அத்தை சாக்கு வெச்சுக் கூப்பிடறாங்கன்னு. முதல்ல பிளக்கைப் பிடுங்குங்கன்னு பிகு பண்ணினேன், ஆனா உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோஷம். அதான் ஓடி வந்தேன்.

— சாக்குதான்... சாக்குதான் மாப்பிள்ளை, ஆனா...

— பாருங்க, அம்புக்குறி திரும்பவும் அசையுது! துடிக்குது பாருங்க! எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா!

— நான் சொல்றதைக் கொஞ்சம்...

— இருங்க அத்தை, இதை விட்டா எனக்குத் தைரியம் வராது. ...ஏய், நான்தான். கதவைத் திறக்க வேணாம். அங்கேயே இரு. அன்னிக்கு நாலு பேர் சிரிக்கணும்னு உன்னைக் கீழே போட்டு மிதிச்சுட்டேன். நீ கொட்டின தண்ணியைத் துடைக்கறப்பவே தெரிஞ்சுது, தப்பு பண்ணிட்டேன்னு. அப்பவும் வாயைத் திறந்து சொல்லலை. அந்த நாலு பேரையும் உட்கார வெச்சு அவங்க முன்னாடியே மன்னிப்பு கேட்கறேன். என்னோட பேசக்கூட வேணாம். வீட்டுக்கு வா, போதும். வருவேன்னா அந்த மவுஸை ஒரே ஒரு தடவை நகர்த்து...

— மாப்பிள்ளை...

— நகரலையே! இவ்வளவு நேரம் ஆட்டிக்கிட்டு இருந்தாளே, இப்போ ஏன் நகர்த்த மாட்டேங்கறா? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன் அத்தை. அத்தை... முந்தானைக்குள்ளே என்ன வெச்சிருக்கீங்க?

— மவுஸ். நான்தான் ஆட்டினேன்... உங்களை நேர்ல உட்கார வெச்சு உண்மையை வாங்கணும்னுதான் இந்தக் கூத்தெல்லாம். அந்த ரூம்ல யாரும் இல்லை மாப்பிள்ளை. அவ இங்கே வரவே இல்லை. உங்ககூட இருக்காள்னுதானே நான் இத்தனை நாளும் இருந்தேன்... என் பொண்ணு எங்கே?