என் அளவுக்கு வைத்த கால்பலகை

துடுப்புப் போடுகிறவர்களுக்கு முதலில் புண்ணாவது கை இல்லை ஐயா, உட்காரும் இடம். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஆட்டுத்தோலை விரித்து உட்காரலாம் என்று மொர்வென்னாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நல்லவள்தான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

இருவராக அட்லாண்டிக்கைத் துடுப்புப் போட்டே கடக்கும் போட்டிக்கு என்னை இழுத்துவிட்டதும் அவள்தான். ஃபால்மத் துறைமுகத்திலேயே பிறந்து நாற்பதைத் தாண்டியும் எனக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாது. "இவ குளியல் தொட்டியிலயே மூழ்கிடுவாளே" என்று என் கணவர் சிரித்தார்.

"நீ வாய மூடுப்பா டென்சில். டாம்சினக் கரை சேக்குறது என் பொறுப்பு" என்றாள் மொர்வென்னா.

அந்த ஒரு வார்த்தைக்காகப் பள்ளிச் சமையல் வேலையை விட்டேன். குளிர்காலம் முழுக்க உள்ளங்கைத் தோல் உரிந்தது. வாந்தி எடுத்தேன், அழுதேன், மறுவாரமும் போய் நின்றேன். எனக்கென்று வாழ்க்கையில் இருந்தது அவள் படகின் பின்னிருக்கை ஒன்றுதான்.

துடுப்புப் படகில் பாதம் ஊன்றுவதற்குக் கால்பலகை உண்டு. அவரவர் கால் நீளத்துக்கு அதை நகர்த்தித் திருகாணி முடுக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை காலை என் இருக்கையில் உட்கார்ந்தால் பலகை கால்களுக்கு எட்டவில்லை.

"இத யாருடி நகத்துனது?"

"படகக் கழுவுனப்ப நகந்திருக்கும். வா வா, கெளம்பு."

முடுக்கிய திருகாணி தண்ணீரில் நகராது. யாரோ ஒரு நெட்டைக்காரி என் இடத்தில் உட்கார்ந்து பழகுகிறாள். நான் பலகையை என் அளவுக்கு வைத்துக்கொண்டேன். லிசார்ட் முனை தாண்டிக் கரை மறைந்ததும், கறி அடைத்த பேஸ்ட்டியைக் கடித்தபடி அவளாகவே சொன்னாள்.

"உன் எடத்துல ஹெட்டியச் சேத்துக்கிட்டேன்டி. போட்டிக்குப் பேரும் மாத்திக் குடுத்தாச்சு. கோவிச்சுக்காத. நீ இன்னும் கத்துக்குட்டிதானே."

"எப்ப மாத்துன?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி."

"அப்புறம் எதுக்கு என்னை வாரா வாரம் வரச் சொன்ன?"

"ஹெட்டிக்கு சனிக்கிழமை வேலை. எனக்கும் பழக ஒரு ஆள் வேணும்ல?"

நான் குரலை உயர்த்தவில்லை. "சரி, நீ போய்ப் படு. நான் பாத்துக்கிறேன்" என்றேன். "தங்கம்டி நீ" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுக் கேபினுக்குள் போனாள்.

எங்கள் படகுகள் கவிழ்ந்தாலும் தாமாகவே நிமிர்ந்துகொள்ளும். கேபினுக்குள் அடைபட்ட காற்றுதான் நிமிர்த்துகிறது; கைப்பிடியைத் திருகாத கதவு திறந்துகொண்டால் தண்ணீர் புகுந்துவிடும், நிமிராது. அதனால் உள்ளே போகிறவர் "கதவு?" என்று கேட்க வேண்டும். வெளியே இருப்பவர் கைப்பிடியைத் திருகிவிட்டு "மூடியாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை கண்ணை மூடக் கூடாது. மொர்வென்னா எனக்கு முதல் நாளே கற்றுக்கொடுத்த பாடம் அது.

கதவைச் சாத்தினேன். கைப்பிடியைத் திருகவில்லை, அவ்வளவுதான். என் இடுப்பு வாரைப் படகோடு சரியாக மாட்டியிருக்கிறேனா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டேன். துடுப்புப் போடுகிறவர் கேபினைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அதனால் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டேன். காற்று வலுத்தது. பெரிய அலையாக ஒன்று வந்தபோது படகின் பக்கவாட்டை அதற்குக் காட்டினேன்.

படகு கவிழ்ந்தது, நிமிரவில்லை. உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது. கவிழ்ந்த படகின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டேன். அதுவும் அவள் பழக்கியதுதான்.

அவ்வளவு அனுபவசாலி கதவைச் சரிபார்க்காமலா படுத்தாள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பார்க்கவில்லை. "கதவு?" என்றாள். "மூடியாச்சு" என்றேன். உடனே அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நம்பிக்கைத் துரோகம் செய்தது யார் என்பதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவள்தான்.