மூடாத குறிப்பு

காலையில் ஆறு மணிக்கு எழுகிறேன். போர்வையை மடிக்கிறேன். பல் தேய்க்கிறேன். காபி போட்டு, நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். கேஸ் வால்வை மூடுகிறேன். முன்பு நான் மூடியதை என் மனைவி ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள். இப்போது நானே இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறேன். எட்டரைக்கு அலுவலகம் போய்விடுகிறேன். ஏழு மாதமாக இதில் மாற்றமில்லை. "பாவம், மனசைக் கல்லாக்கிக்கிட்டு வேலைக்கு வர்றாரு" என்று என் காதுபடவே பேசிக்கொள்கிறார்கள்.

விசாரணை அதிகாரியான நீங்கள் என்னை மறுபடி அழைத்தது ஒரே ஒரு வரிக்காக. அடுத்த வாரம், என் மனைவியைக் கவனித்த அந்த நர்ஸுக்குத் தீர்ப்பு. என் மனைவி கடைசியாகச் சொன்னது என்ன என்பது உங்கள் கோப்பில் நான் வாயால் சொன்னதாக மட்டும் இருக்கிறது, அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். எழுதுகிறேன். அதற்கு முன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விளங்காது.

அறுவை முடிந்தவர்களுக்கு வலி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் இயந்திரத்தை எங்கள் நிறுவனம் செய்கிறது. எவ்வளவு ஏற்றுவது என்பதை நர்ஸ் அதன் திரையில் வரிவரியாகத் தட்டுவார். அந்த வரிகளை எழுத்தெழுத்தாகப் படித்து, இது கட்டளை, இது எண், இது வெறும் பேச்சு என்று பிரிக்கும் பகுதிக்கு டோக்கனைசர் என்று பெயர். அதை எழுதியவன் நான்.

அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மேற்கோள் குறி திறந்தால், உள்ளே இருப்பது மனிதர்களுக்கான குறிப்பு. இயந்திரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. குறி மூடிய பிறகுதான் மறுபடி கேட்கத் தொடங்கும். குறிக்குள் இன்னொரு குறி வரலாம், அடைப்புக்குள் அடைப்பு வருவதுபோல. திறந்தவற்றை எண்ணிக்கொண்டு போய், மூடியவற்றைக் கழிக்க வேண்டும். கணக்கு பூஜ்யத்துக்கு வந்தால் பேச்சு முடிந்தது. கல்லூரியில் இரண்டாம் வருடப் பாடம்.

ஒரு வார்டில் விசைப்பலகை பழுதாகி, ஒருமுறை தட்டினால் குறி இரண்டாக விழுந்தது. இயந்திரம் பிழை காட்டி நின்றது. எங்கள் மேலாளரை நாங்கள் 'தலைவர்' என்போம். அவர் என் மேசைக்கு வந்து, "ஆஸ்பத்திரியில மெஷின் நிக்கவே கூடாதுப்பா. நின்னா மறுநாளே வேற கம்பெனிக்காரன் வந்து நிப்பான்" என்றார். ஒரு மணி நேரத்தில் என் நிரலில், அதாவது புரோகிராமில், மூன்று வரி சேர்த்தேன். அடுத்தடுத்து இரண்டு குறி வந்தால் ஒன்றாக எண்ண வேண்டும். கடைசிவரை ஏதாவது மூடாமல் இருந்தால் சத்தமில்லாமல் மூடிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு இயந்திரம் எங்கும் நிற்கவில்லை. தலைவர் எல்லார் முன்னாலும் கைதட்டினார்.

என் மனைவி அதே அலுவலகத்தில் டெஸ்டர். ஓட்டை தேடுவதுதான் அவள் வேலை. ஓட்டை கிடைத்தால் ஒரு டிக்கெட் எழுதுவாள், நிரலை எழுதியவன் சரிசெய்து அதை மூட வேண்டும். "வீட்டுலயும் டிக்கெட் போட்டுத்தான் சண்டையா?" என்று பக்கத்து மேசைக்காரர்கள் கேட்பார்கள். "போட்டா மட்டும்? படிக்காமலே க்ளோஸ் பண்ணிருவாரு" என்பாள்.

அந்த மூன்று வரியில் இருந்த ஓட்டையை நாலு நாளில் கண்டுபிடித்தாள். டிக்கெட் எண் 214. நோயாளி சொன்ன வார்த்தைகள் குறிப்பின் கடைசியில் வந்தால், உள்ளே ஒரு குறி மூடும், அதை ஒட்டியே வெளியே ஒரு குறி மூடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் என் நிரல் அவற்றை ஒன்றாக எண்ணும். குறிப்பு முடியவே முடியாது. அதற்கு அடுத்த வரிதான் மேல்வரம்பு, அதாவது மருந்து எந்த அளவைத் தாண்டக் கூடாது என்கிற எண். அது பேச்சோடு பேச்சாகப் போய்விடும். திரையில் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது.

வீட்டில் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு கதவு ஒட்டி ஒட்டி இருந்தா, ஒண்ணைச் சாத்திட்டு ரெண்டும் சாத்தியாச்சுன்னு படுத்துருவீங்களா?"

"எந்த நர்ஸ் குறிப்புல மேற்கோள் குறி, கோட்ஸ் எல்லாம் போட்டு எழுதறாங்க? அவங்களுக்கு மூச்சு விடவே நேரமில்ல."

"எங்க சித்தி நர்ஸுதானே. பேஷன்ட் சொன்னதை அவங்க வார்த்தையிலயே கோட்ஸ் போட்டுத்தான் எழுதணும்னு படிப்புலயே சொல்லிக் குடுப்பாங்களாம். கேட்டுட்டுத்தான் வந்து சொல்றேன்."

"உங்க சித்தி ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆச்சு."

"பேஷன்ட் இன்னும் பேசறதை நிறுத்தலையே."

மறுநாள் காலை 214-ஐ மூடினேன். 'நடைமுறையில் நிகழாது' என்று காரணம் எழுதினேன். கைதட்டு வாங்கிய மூன்று வரியை, கைதட்டியவர்கள் முன்னாலேயே எடுக்க வேண்டியிருந்திருக்கும். அதுவும் மனைவி கண்டுபிடித்த ஓட்டை, மற்ற ஓட்டைகளைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். அவள் மறுபடி இரண்டு முறை திறந்தாள். நான் இரண்டு முறையும் மூடினேன். மூன்றாவது முறை திறக்கவில்லை. ஒரு வாரம் என்னோடு அதிகம் பேசவில்லை, பிறகு பேசினாள்.

அடுத்த மாதம் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். சின்ன அறுவை, மூன்றாம் நாள் வீடு. அவள் அம்மா வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனை போதும் என்றாள். நான்தான் வேண்டாமென்று, அந்த நர்ஸ் வேலை பார்த்த மருத்துவமனையில் சேர்த்தேன்.

"அங்க நம்ம மெஷின் இருக்கு" என்றேன்.

"அதனாலதான் யோசிக்கிறேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அறுவை நன்றாகவே முடிந்தது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு நானும் மச்சானும் காபி குடிக்கக் கீழே போனோம். அந்த நேரத்தில்தான் நர்ஸ் வந்திருக்கிறாள். இருபத்து நாலு வயது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். எதையும் சுருக்கி எழுதத் தெரியாதவள். "குறிப்பு எழுதச் சொன்னா நாவல் எழுதறா" என்று தலைமை நர்ஸ் கேலி செய்வாராம். உங்கள் விசாரணையில் அதை அவள் குறையாகச் சொன்னார்கள்.

அவள் தட்டிய வரிகள் மூன்று. வலி அடங்கும்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி கூட்டு. இது முதல் வரி. நோயாளி சொன்னது, குறி போட்டு. இது குறிப்பு. மூன்றாவது மேல்வரம்பு. மருத்துவர் சொன்ன எண், ஒரு புள்ளிகூட மாறாமல். தட்டிவிட்டுத் திரையைப் பார்த்திருக்கிறாள். எண் இருந்தது. அடுத்த ஏழு கட்டில்களுக்குப் போய்விட்டாள்.

காபிக்குப் பிறகு பில் கட்டும் வரிசையில் நின்றுவிட்டு நான் மேலே வந்தபோது மணி பன்னிரண்டரை. மச்சான் கீழேயே நின்றுவிட்டான். என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு மெதுவாக வந்தது. நல்ல தூக்கம் என்று நினைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. திரையின் மூலையில் மருந்து ஏறும் வேகம் எண்ணாக இருந்தது. பார்த்தேன். கொஞ்சம் அதிகமாகப் பட்டது. மேல்வரம்பு தடுத்துவிடும் என்று நினைத்தேன். போர்வையை இழுத்துவிட்டு அலுவலகம் கிளம்பினேன். ஒன்றேகாலுக்குத் தொலைபேசி வந்தது.

மூன்றாம் நாள், இயந்திரத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று எங்கள் நிறுவனம் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. "நீ போகாதப்பா, வேற ஆளை அனுப்பறேன்" என்றார் தலைவர். "எனக்குத் தெரியணும்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. மச்சான் பைக்கில் கொண்டுபோய் விட்டு வாசலில் காத்திருந்தான். ஒரு சின்ன அறையில் இயந்திரத்தையும் என்னையும் தனியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மரியாதைக்காக.

பதிவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. குறிப்பின் கடைசியில் இரண்டு குறிகள் ஒட்டி நின்றன. அதன் கீழே மேல்வரம்பு, சரியான எண்ணோடு. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குறிப்பில் என் மனைவி பேசியதை எடுத்துவிட்டு 'வலி உள்ளது' என்று மட்டும் விட்டேன். மேல்வரம்பு வரியை அழித்தேன். வேறு பிரதி கிடையாது என்பது எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இரண்டு வரியை மறைப்பதற்கு நாலு நிமிடம் போதுமானதாக இருந்தது.

விசாரணை உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெண் எழுந்து நின்று, "மேல்வரம்பு போட்டேன் சார். என் கண்ணால பாத்தேன். அவங்கதான் பாக்கச் சொன்னாங்க" என்றாள்.

"பதிவுல இல்லையேம்மா" என்றேன்.

கோபப்படாமல் சொன்னேன். மனைவியைப் பறிகொடுத்தவன் இவ்வளவு பொறுமையாகப் பேசுகிறானே என்று அறையில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒருவேளை தட்டவில்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

என் மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்று நீங்கள் கேட்டீர்கள். "சிஸ்டர் மெஷினைத் திரும்பிக்கூடப் பாக்கல" என்று என்னிடம் சொன்னதாகச் சொன்னேன். நீங்கள் குறி போட்டு எழுதிக்கொண்டீர்கள். குறிக்குள் இருப்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் நிரல் எழுதியிருந்தேன்.

மூன்று வரியையும் நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். உடனே இல்லை. உடனே எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். பதினோராம் நாள், வழக்கமான வெளியீட்டில், 'சிறு திருத்தங்கள்' என்ற தலைப்பில் போட்டேன். அந்தப் பதினோரு நாளில் வேறொரு மருத்துவமனையில், எங்கள் இயந்திரத்தில் இருந்த ஒரு பெரியவர் தூக்கத்தில் இறந்தார். வயது காரணம் என்று எழுதினார்கள். அவர் குறிப்பில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

இப்போது தெளிவாக எழுதுகிறேன். மேல்வரம்பை விழுங்கியது நான் எழுதிய நிரல். அது விழுங்கும் என்று எனக்கு மூன்று முறை சொல்லப்பட்டது. பதிவை மாற்றியவன் நான். அந்தப் பெண் எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் படித்தபடி செய்தாள்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். எனக்காக இல்லை. 214 வெளியே வந்திருந்தால், தெரிந்தும் ஏன் அங்கே படுத்தாள், ஏன் மேலே போய்ச் சொல்லவில்லை என்று செத்தவளைக் கூண்டில் ஏற்றியிருப்பார்கள். அவள் பெயரைக் காப்பாற்றினேன். அவள் இருந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பாள். என்னைப் பற்றி ஒரு குறைகூட வெளியாரிடம் சொன்னவள் இல்லை அவள்.

அழித்ததற்கு நகல் எடுக்கவில்லை. தேவைப்படவுமில்லை. எழுத்தெழுத்தாகப் படிப்பதுதான் என் தொழில். பதினொன்று பத்துக்கு அந்த நர்ஸ் தட்டியதை அப்படியே தருகிறேன். அதற்குப் பிறகு என் மனைவி பேசவில்லை.

"வலி இருக்குதான் சிஸ்டர். ஆனா கூட்டறதுக்கு முன்னாடி மேல்வரம்பு இருக்கான்னு ஒரு தடவை பாத்துருங்க. இதை எழுதினது எங்க வீட்டுக்காரர்தான். நல்ல மனுஷன். தப்புன்னு தெரிஞ்சா மட்டும் ஒத்துக்க மாட்டாரு."