சேற்றுக் கொப்புளம்

கும்பகோணத்தில் பஸ் கிளம்பியதும் முன் இருக்கையில் இருந்த பெண், பக்கத்தில் இருந்தவளிடம் அலுத்துக்கொண்டாள்.

“எங்க வயலாலதான் உலகமே சூடாவுதாம்க்கா. வேளாண்மை ஆபீசர் சொல்றாரு.”

“வயலு என்னடி பண்ணுச்சு?”

“தண்ணி தேங்கிக் கெடந்தா மண்ணுக்குள்ள காத்து போவாதாம். அடியில மக்குற வைக்கோலு, வேரெல்லாம் கேஸாயிடுதாம். சேத்துல கால வச்சா கொப்புளம் வருதுல்ல, அதான்.”

“அதுக்கு?”

“அப்பப்ப தண்ணிய வடிச்சு வயலக் காயவிடணுமாம்.”

“ஆத்துல தண்ணி விடுன்னு ரோட்டுல உக்காந்தமே, அந்தத் தண்ணியவா?”

“அதேதான்.”

“குவைத்துல ஒன் வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?”

“எண்ணெக் கெணத்துல வேலை பாக்குற மனுசன். ‘இங்க வெயிலு தாங்கல, சீக்கிரம் வடிச்சுவிடு’ங்குறாரு.”

“அப்ப வடிச்சுவிட வேண்டியதுதானே?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“வடிச்சா, கீழ இருக்குற கொழுந்தன் வயலுக்குல்ல பாயும். வரப்புத் தகராறுலேந்து அவன் மூஞ்சில நான் முழிக்கிறதில்ல. இப்பதான் அவன் வயலு காஞ்சு வெடிச்சுக் கெடக்கு.”

திருவிடைமருதூரில் பஸ் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள் சொன்னாள்.

“உலகம் இன்னும் கொஞ்ச நாளைக்குச் சூடாவே இருக்கட்டும்க்கா.”