எண்பதாவது இடம்

தமிழ்மணி நல்ல பிள்ளை. சாப்பிட்ட தட்டை அவனே கழுவிக் கவிழ்த்து வைப்பான். அவன் அம்மா தைலம்மாள் கொடுத்தனுப்பிய பீர்க்கங்காய்களை த்வாண்டே கிராமத்திலிருந்து தாமுவேயில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும், ஒன்றுகூட நசுங்காமல், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். பதினெட்டு வயதுப் பையன் இப்படிச் செய்வான் என்றால் நம்புவீர்களா? எனக்கு அவனைப் பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காததால் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தைலம்மாள் சொல்லித்தான் வந்தீர்கள், காணாமல்போன பிள்ளைகளைத் தேடித்தருகிறவர்கள் என்றீர்கள். நடந்ததை என் கைப்பட எழுதித் தரும்படி கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வகுப்பில் பர்மாவில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை.

தைலம்மாள் என் கணவருக்கு ஒன்றுவிட்ட தங்கை. அவர் கப்பலில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். வீட்டில் நானும் முரளிதரனும்தான். முரளியும் தமிழ்மணியும் ஒரே வருஷம் பரீட்சை எழுதி, ஒரே பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினார்கள். புதிய மாணவர் முகாமுக்குப் பெயர் பதிய வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது தைலம்மாள் போன் செய்தாள். "அண்ணி, இங்க நெட்டே எடுக்க மாட்டேங்குது. புள்ளைய ரெண்டு மூணு நாளு ஒங்ககிட்ட அனுப்பட்டா?" என்றாள். அனுப்பு என்றேன்.

முகாம் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடவைத்து, கயிறு இழுக்கவைத்து, மூத்த மாணவர்கள் கேலி செய்து அனுப்புவார்கள். ஆனால் இந்த வருஷம் முகாமுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மாணவர் அட்டை தந்துவிடுவார்கள் என்றும், மற்றவர்களுக்கு மழைக்காலம் கழிந்துதான் என்றும் போட்டிருந்தார்கள். பதினெட்டு முடிந்த பையன்களைத் தெருவில் நிறுத்திப் படைக்கு ஏற்றிக்கொண்டு போகிற காலம் இது. அட்டையைக் காட்டினால் விட்டுவிடுகிறார்கள் என்று எங்கள் தெருவில் எல்லாரும் சொன்னார்கள். முரளி முட்டை வாங்கக் கீழே இறங்கினால் திரும்பி வரும்வரை நான் பால்கனியில் நின்றுகொண்டிருப்பேன். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை.

மொத்தம் எண்பது இடம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் என்று அறிவித்திருந்தார்கள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். முதல் படிப்பு, முதல் அட்டை; அந்த நேரத்தில் பெயர் எழுதுவதாவது. பத்தரை அடித்ததும் உட்கார் என்று முரளியிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"இங்க ஒம்போதுன்னா இந்தியால எட்டும்மா. ராகு இன்னும் கெளம்பியிருக்காது."

"ராகு யார் கடிகாரத்தையும் பாக்காது. சொன்னதக் கேளு."

அவன் கேட்டான். என் சொல்லைத் தட்டாத பிள்ளை.

தமிழ்மணி காத்திருக்கவில்லை. தைலம்மாள் இதெல்லாம் பார்க்க மாட்டாள், அது அவள் வளர்ப்பு. ஒன்பது மணிக்கே போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஒன்றேகால் மணி நேரம் அவன் பட்ட பாட்டைச் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் திறக்கும், வெள்ளையாக நிற்கும். போட்டோ பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பும். அடையாள அட்டை எண்ணைப் பர்மிய எழுத்தில் போட்டால் ஆங்கிலத்தில் கேட்கும், ஆங்கிலத்தில் போட்டால் பர்மியத்தில் கேட்கும். நடுவில் மின்சாரம் போனது. போனுக்கு வரவேண்டிய ரகசிய எண் ஐந்து நிமிஷம் கழித்து வந்தது; அது இரண்டு நிமிஷம்தான் செல்லும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். பத்தேகாலுக்கு, "போயிருச்சு அத்தை" என்றான். பிறகு கேட்டான், "முரளிக்கும் இப்பவே போட்டுரட்டா? எல்லாம் தெறந்துதான் இருக்கு."

வேண்டாம் என்றேன். கால் மணி நேரம் பொறுத்தால் நல்ல நேரம்.

பத்தரைக்கு முரளி உட்கார்ந்தான். பத்து நாற்பத்தெட்டுக்குப் பதில் வந்தது. எண்பது இடமும் நிரம்பிவிட்டன, நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். தமிழ்மணியின் எண்ணைப் பார்த்தோம். எண்பது.

முரளி போனைக் கவிழ்த்து வைத்தான். "யபாடே, அம்மா" என்றான். பரவாயில்லை என்று அர்த்தம். மனசு சங்கடப்பட்டால் அவனுக்குப் பர்மியம்தான் வரும். இடம் கிடைத்தவர்கள் திங்கட்கிழமை காலை நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வராதவர்களின் இடம் அடுத்த ஆளுக்கு. போன வருஷம் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லையாம்.

இனி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நடந்தது. இது தைலம்மாளுக்கும் தெரியும். நம் ஊரில் ஒரு வீட்டில் வெளியாள் இரவு தங்கினால் வார்டு ஆபீஸில் பதிய வேண்டும். பெற்ற மகளே புருஷன் வீட்டிலிருந்து வந்து தங்கினாலும் பதிய வேண்டும். தமிழ்மணியை வியாழன், வெள்ளி இரண்டு இரவுக்குப் பதிந்திருந்தேன். திங்கட்கிழமைவரை இருக்க வேண்டியிருந்ததால் மறுபடி பதிய வேண்டும். அதற்காக அவனுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு சனிக்கிழமை மாலை நான் போனேன். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வார்டு ஆட்கள் சிப்பாய்களோடு வந்து கதவைத் தட்டினார்கள். பட்டியலில் அவன் பெயர் இல்லை. கையில் அட்டையும் இல்லை. படைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னை நாலு வார்த்தை திட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

நான் மறந்துவிட்டேன் என்று தைலம்மாளிடம் சொன்னேன். கோயிலுக்குப் போன இடத்தில் பேச்சு வளர்ந்துவிட்டது, நேரம் கடந்துவிட்டது என்றேன். அவள் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க அண்ணி" என்றாள். முகாம் முடியும்வரை முரளிக்குத் தெரியவேண்டாம், பிள்ளை மனசு உடைந்துபோவான் என்று அவளிடமே கேட்டுக்கொண்டேன். சரி என்றாள். நல்ல மனுஷி.

நான் மறக்கவில்லை. எனக்கு ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு முரளியை ஷ்வேப்யிதாவில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். அண்ணனுக்குக் காய்ச்சல், ராத்திரி துணைக்கு இரு என்றேன். அண்ணன் திடமாகத்தான் இருந்தார். முரளி எதையும் பார்க்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். பிறகு பத்து வீட்டுக்கு ஒரு தலைவர் உண்டே, எங்கள் வரிசைக்கு ஊ சோ மின், அவரிடம் போனேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். த்வாண்டேப் பையன் ஒருவன் வீட்டில் இருக்கிறான், போகச் சொன்னாலும் போகவில்லை, பதியலாம் என்றால் அட்டை இல்லை என்கிறான் என்று பர்மியத்தில் சொன்னேன். அவனுடைய அட்டை அப்போது என் பர்ஸில் இருந்தது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என்ன வயது? பதினெட்டு முடிந்துவிட்டது என்றேன். அவர் வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டு, நீங்கள் போங்கள் டோ கமலாட்சி என்றார். பெண்கள் பெயருக்கு முன்னால் டோ போடாமல் கூப்பிட மாட்டார், மரியாதையான மனிதர். ஒவ்வொரு வார்டும் படைக்கு இத்தனை பேர் என்று கணக்குக் காட்ட வேண்டியிருந்த மாதம் அது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

திரும்பி வந்து பருப்பும் பீர்க்கங்காயும் போட்டுக் கூட்டு வைத்தேன். தமிழ்மணி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

விடியற்காலை அவர்கள் அட்டையைக் கேட்டபோது அவன் பதறவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில், "அத்தை, என் கார்டு ஒங்ககிட்டதான இருக்கு. எடுத்துக் குடுங்க" என்றான். வந்தவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறான் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தன்னை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான் என்று சொன்னேன். தமிழ்மணிக்குப் பர்மியம் நன்றாகவே தெரியும். நான் சொன்னது அவனுக்குப் புரிந்தது. அதன் பிறகு அவன் எந்த மொழியிலும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

ஊருக்குப் போய்விட்டான், அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று முரளியிடம் சொன்னேன். முரளி நம்பினான். நம்புவதற்கு அவனிடம் காரணம் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது தமிழ்மணி எங்கள் இருவரிடமும் சொன்னான். "நான் திங்கக்கெழம போகல அத்தை. முரளி போகட்டும். நான் த்வாண்டேல அம்மாகூடத்தான இருப்பேன், வயக்காட்டுல யாரு வந்து புடிக்கப் போறா?" முரளி முடியவே முடியாது என்றான். தமிழ்மணி சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

பிறகு ஏன் ஊ சோ மின்னிடம் போனேன் என்று கேட்பீர்கள். சொன்னவன் சின்னப் பையன். சனிக்கிழமை சொன்ன சொல் திங்கட்கிழமை வரைக்கும் நிற்கும் என்பதற்கு என்ன நிச்சயம்? தைலம்மாள் போனில் ஒரு வார்த்தை சொன்னால் மாறிவிடாதா? தாயாக இருப்பவள் இதையெல்லாம் யோசிக்க வேண்டும். அவளும் என் இடத்தில் இருந்திருந்தால் யோசித்திருப்பாள்.

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் எண்பதாம் எண்ணுக்குத் தமிழ்மணியின் பர்மியப் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். பிறகு முரளியைக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை முகாமுக்குப் போனான், ஞாயிற்றுக்கிழமை அட்டையோடு வந்தான். அந்த மூன்று நாளும்தான் பல மாதங்களுக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கியது.

வந்த அன்று தமிழ்மணி விஷயத்தைச் சொன்னேன். மறந்துபோனேன் என்றுதான் சொன்னேன். முரளி அழுதான். நானும் அழுதேன், அது பொய்யில்லை. இரண்டு நாள் கழித்து விடுதி விண்ணப்பத்துக்கு, வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று அரசாங்கம் தந்த பட்டியல் வேண்டும் என்று என் பர்ஸைத் திறந்தவன் தமிழ்மணியின் அடையாள அட்டையைக் கண்டான். நான் அதை எரித்திருக்கலாம். இன்னொருவர் பிள்ளையின் அட்டையை எரிக்க எனக்கு மனம் வரவில்லை.

"இது எப்படிம்மா இங்க வந்துச்சு?" என்று கேட்டான்.

உங்களிடம் சொன்னதைப் போலவே அவனிடமும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. உனக்காகத்தான் என்று சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். குரலை உயர்த்தவில்லை. என் வளர்ப்பு அப்படி.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவன் இல்லை. தமிழ்மணியின் அட்டையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். எந்தப் படை முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று தேடிப்போய் அதைக் காட்டி விடுவிக்கப் பார்க்கிறானோ, தைலம்மாளிடம் கொடுக்கப் போனானோ தெரியவில்லை. அவளிடம் வந்துசேரவில்லை என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்றோடு ஒன்பது நாளாகிறது. போன் அணைந்திருக்கிறது. அவனுடைய அடையாள அட்டை இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது; வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு அவனிடம் இருப்பது இன்னொருவன் முகம் போட்ட அட்டை ஒன்றுதான். தன்னுடைய மாணவர் அட்டையைச் சமையல் மேடையில், நான் தினமும் அரிசி களைகிற இடத்துக்கு நேராக, நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவசரத்தில் மறந்து வைத்துவிட்டான், சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மறதி ஜாஸ்தி.