கோர்வைக்கு இரண்டு பேர்

உட்காருங்கள், டாக்டர். இந்த வெயிலில் பட்டணத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். முதலில் மோர் குடியுங்கள். கமலவேணி ஏன் வைத்தியத்துக்கு வருவதில்லை என்று கேட்டீர்கள். பின்கட்டில்தான் இருக்கிறாள், நாம் பேசுவது கேட்காது. சொல்லிவிடுகிறேன்.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் எதிரில் வந்தால் கை நடுங்கும், முகம் வேர்க்கும், பேச்சு வராது. கூச்சம் என்று விட்டுவிட்டோம். இது நோய், தீரும் என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான். இன்றைக்குக் கடையில் உப்பு கேட்கட்டும், அப்புறம் கோயிலுக்குப் போகட்டும் என்றீர்கள். அப்படியே செய்தாள். ஒருநாள் ஏகாம்பரநாதர் சன்னதியில் அர்ச்சனைக்குத் தானே பெயர் சொல்லிவிட்டு வந்தாள். "குருக்கள் என்னையே பாத்துக்கினு இருந்தாரு, நான் நடுங்கவே இல்லண்ணா" என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அதன் பிறகுதான் வாலாஜாபாத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியாது. கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒருவர் நெய்ய, கரைநூல் ஓடும் நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அப்பா போன பிறகு எனக்கு அவள்தான். அந்தக் கை வேறு யாருக்கு வரும்? எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரேயடியாகக் கூட்டத்தில் தள்ளிவிடாதீர்கள், எல்லாம் கெட்டுவிடும் என்று என்னை எச்சரித்தீர்கள். நான் மறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஐந்து பேர் வருவதாகத்தான் அவளிடம் சொன்னேன். தெரு முழுவதையும் அழைத்தேன். காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள் அத்தனை முகங்களையும் பார்த்தாள். டம்ளர்கள் ஆடிக் கவிழ்ந்தன. யாரோ சிரித்தார்கள். "இன்னாப்பா, பொண்ணுக்கு வலிப்பா?" என்று மாப்பிள்ளையின் அத்தை என்னைக் கேட்டாள்.

அன்றிலிருந்து அவள் வாசல் தாண்டவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுகிறேன். பண்டிகைக்குப் புதுப் புடவை எடுத்துத் தருகிறேன். என்னைப் போல் யார் பார்த்துக்கொள்வார்கள், நீங்களே சொல்லுங்கள்.

இருந்தாலும் சில நாள் அவளுக்கு ஆசை வந்துவிடுகிறது. மத்தியானத்தில் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் வந்து நிற்பாள்.

"தெருவுல யாராச்சும் நின்னுக்கினு இருக்காங்களாண்ணா?"

எட்டிப் பார்ப்பேன். வெயிலில் ஒரு நாய்கூட இருக்காது.

"நெறைய பேர் இருக்காங்கமா" என்பேன். "உன்னப் பத்திதான் பேசிக்கினு இருக்காங்க."